முரளியா, பிரபாத்தா? மாத்தளை கேட்க மறந்த கேள்வி

காலியில் டெஸ்ட் போட்டி நடைபெறும் நாட்களில் மாத்தளை நகரின் தேநீர்க் கடைகளில் ஒரு விவாதம் தவறாமல் எழுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டியில் பந்து சுழன்று திரும்பும்போது, அங்கு அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், "முரளி இருந்திருந்தால் இந்நேரம் ஆட்டம் முடிந்திருக்கும்" என்பார். அருகிலிருக்கும் இளைஞர், "முரளி முதல் ஏழு டெஸ்ட்டில் 50 விக்கெட் எடுத்தாரா?" என்று பதிலுக்குக் கேட்பார். கொங்காவெலயிலும் வரக்காமுறையிலும் உக்குவளையிலும் இரத்தோட்டையிலும் இதே உரையாடலை வெவ்வேறு குரல்களில் கேட்கலாம். அன்றைய வீரரா, இன்றைய வீரரா சிறந்தவர் என்ற கேள்வி விளையாட்டு உள்ள இடமெங்கும் இருக்கின்றது. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்தாட்டத்தின் அன்றைய நாயகர்களையும் இன்றைய நாயகர்களையும் ஒப்பிட்டு இரசிகர்கள் ஆண்டு முழுவதும் வாதிடுகின்றனர். பிரேசிலில் பெலேயை முன்வைத்து அரை நூற்றாண்டாக வாதம் ஓயவில்லை. ஆகவே மாத்தளை இரசிகர்களை மாத்திரம் குறை கூறுவதற்கில்லை.

எனினும், இந்த விவாதத்தில் மாத்தளைக்கு ஒரு தனியான உரிமை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2022 ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் விளையாடி, 177 ஓட்டங்களுக்கு 12 விக்கெட்டுகளைக் கைப்பற்றிய இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் பிரபாத் ஜயசூரிய இந்த மண்ணில் பிறந்தவர். அவரோடு ஒப்பிடப்படும் முத்தையா முரளிதரன், மாத்தளையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றவர். இருவரையும் இணைப்பது ஏ-9 வீதி. ஒரே வீதியின் இரு ஊர்களில் உருவான இருவரைப் பற்றி அதே வீதியோரத்தில் அமர்ந்து பேசுகின்றோம். அவ்வாறாயின், இந்தப் பேச்சு நம்மை எங்கு கொண்டுசெல்ல வேண்டும் என்பதைச் சற்று ஆராய்வது பொருத்தமானதாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முரளிதரன் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை 22.72 என்ற சராசரியில் வீழ்த்தினார். ஓர் இனிங்ஸில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விக்கெட்டுகளை 67 தடவைகளும், ஒரு போட்டியில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டவற்றை 22 தடவைகளும் பெற்றார். ஒருநாள் போட்டிகளில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 534. 2010 ஜூலை 22 ஆம் திகதி காலியில், டெஸ்ட் வாழ்வில் தாம் வீசிய இறுதிப் பந்தில் இந்தியாவின் பிரக்யான் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து 800 ஐ எட்டினார். இத்தகைய சாதனையை நெருங்கிய சுழற்பந்து வீச்சாளர் அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்ன் ஒருவரே. அவர் 145 போட்டிகளில் 708 விக்கெட்டுகளைப் பெற்றிருந்தார்.

இனி பிரபாத்தின் கணக்கு. 2023 ஏப்ரலில் அயர்லாந்துக்கு எதிராகக் காலியில் நடைபெற்ற போட்டியில் அவர் தமது 50 ஆவது விக்கெட்டை வீழ்த்தியபோது, அது அவரது 7 ஆவது டெஸ்ட் போட்டியாக இருந்தது. டெஸ்ட் வரலாற்றில் மிகக் குறைந்த போட்டிகளில் 50 விக்கெட்டுகளை எட்டிய சுழற்பந்து வீச்சாளர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. மேற்கிந்தியத் தீவுகளின் அல்ஃப் வலன்டைன் 1950 களின் தொடக்கத்தில் எட்டுப் போட்டிகளில் நிகழ்த்திய சாதனை எழுபது ஆண்டுகளின் பின்னர் முறியடிக்கப்பட்டது. முரளியோ, 1992 ஆகஸ்டில் கெத்தாராமவில் அதே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமானபோது, போட்டி முழுவதிலும் 141 ஓட்டங்களைக் கொடுத்து 3 விக்கெட்டுகளையே பெற்றார். அறிமுகப் போட்டியை மட்டும் வைத்துத் தீர்ப்பு வழங்குவதாயின், பிரபாத்தே முரளியை விடச் சிறந்தவர் என்று எழுதிவிடலாம். அவ்வாறு எழுதுபவரை எவரும் ஏற்கமாட்டார்கள். எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால், எந்த எண்ணைத் தெரிந்தெடுக்கின்றோம் என்பதில் நமது விருப்பு வெறுப்பு ஒளிந்திருக்கின்றது.

இதனை இரு பக்கமும் சோதித்துப் பார்க்கலாம். பிரபாத்தின் முதல் ஏழு போட்டிகளில் ஐந்து காலியில் நடைபெற்றவை. எஞ்சிய இரண்டும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சிலும் வெலிங்டனிலும் நடைபெற்றவை. சுழற்பந்துக்குச் சாதகமான காலி ஆடுகளமே அவரது சாதனையின் பெரும் பகுதியைத் தாங்கி நிற்கின்றது என்று பெரியவர் கூறுவாராயின், அது உண்மையே. ஆனால், அதே அளவுகோலை முரளிக்கும் வைக்க வேண்டாமா? முரளியின் 800 விக்கெட்டுகளில் 493 இலங்கை மண்ணில் பெறப்பட்டவை. அவுஸ்திரேலிய மண்ணில் அவர் விளையாடிய ஐந்து டெஸ்ட் போட்டிகளில் கிடைத்தவை 12 மாத்திரமே. இந்திய ஆடுகளங்களிலும் அவரது சராசரி 45 ஐக் கடந்திருந்தது. சிம்பாப்வேக்கும் பங்களாதேஷுக்கும் எதிராக அவர் பெற்ற 176 விக்கெட்டுகளைச் சுட்டிக்காட்டி அவரது சாதனையைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் வெளிநாடுகளில் பலர் உள்ளனர். அந்த 176 ஐயும் கழித்துவிட்டாலும், 108 போட்டிகளில் 624 விக்கெட்டுகள் எஞ்சுகின்றன. போட்டிக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. அதே இரு நாடுகளுக்கு எதிராக விளையாடியதைக் கழித்தால் வோர்னுக்கு எஞ்சுவது போட்டிக்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவாகவே உள்ளது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதாயின் ஒரே படியால் இருவருக்கும் அளக்க வேண்டும்.

இருவருக்கும் இடையே மறக்கப்பட்டுவிடும் ஒருவரும் உள்ளார். குருநாகலிலிருந்து வந்த ரங்கன ஹேரத் 1999 இல் அறிமுகமாகி, முரளியின் நிழலில் நெடுங்காலம் அணிக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். முரளி ஓய்வு பெற்ற பின்னரே அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. 2018 இல் ஓய்வு பெறும்போது 93 போட்டிகளில் 433 விக்கெட்டுகளுடன், டெஸ்ட் வரலாற்றிலேயே அதிக விக்கெட்டுகளைப் பெற்ற இடதுகைச் சுழற்பந்து வீச்சாளராக அவர் விடைபெற்றார். பிரபாத்தை ஒப்பிட வேண்டுமாயின், பந்துவீச்சு முறையிலும் தாமதமாகக் கிடைத்த வாய்ப்பிலும் ஹேரத்துடனேயே ஒப்பிட வேண்டும். ஆனால், விவாதங்கள் எப்போதும் மிக உயர்ந்த சிகரத்தையே தேடிச் செல்கின்றன. இடையிலுள்ள மலைகளைக் காண்பதில்லை.

காலம் மாறிவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முரளி 2001 ஆம் ஆண்டில் 12 டெஸ்ட் போட்டிகளில் விளையாடி 80 விக்கெட்டுகளைப் பெற்றார். 2006 இல் 11 போட்டிகளில் 90 விக்கெட்டுகள். அதற்கு மாறாக, 2025 ஆம் ஆண்டு முழுவதிலும் இலங்கை அணி விளையாடிய டெஸ்ட் போட்டிகளின் எண்ணிக்கை நான்கு மாத்திரமே. பிரபாத் முப்பதாவது வயதில் அறிமுகமானவர். ஆண்டுக்கு நான்கு ஐந்து போட்டிகள் என்ற வேகத்தில் அவர் நூறு போட்டிகளை எட்டுவதற்கே இருபது ஆண்டுகள் வேண்டும். எனவே 800 என்ற இலக்கம் இனி எந்த இலங்கை வீரருக்கும் எட்டாக் கனியே. அது திறமைக் குறைவினால் அல்ல. விளையாட்டின் வணிகம் வேறு திசையில் சென்றுவிட்டமையினால் ஆகும்.

அந்தத் திசை எது என்பதற்கு வனிந்து ஹசரங்க நல்ல உதாரணம். அவர் 2022 இல் இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில் 10.75 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கப்பட்டு, அப்பருவத்தில் 26 விக்கெட்டுகளைப் பெற்றார். ஆனால், டெஸ்ட் போட்டிகளில் நான்கில் மாத்திரமே விளையாடியுள்ளார். நான்கு ஓவர்களில் ஆட்டத்தை மாற்றும் ஒருவரையும், ஒரே நாளில் முப்பது நாற்பது ஓவர்கள் சலிக்காமல் வீசிய ஒருவரையும் எந்தத் தராசில் வைப்பது? முன்னையவருக்கு முப்பது ஓவர்கள் வீசும் தேவை ஏற்படவில்லை. பின்னையவருக்கு இருபது ஓவர் போட்டிகள் அவரது விளையாட்டு வாழ்வின் இறுதிக் காலத்திலேயே வந்தன.

தீர்ப்பு வழங்கும் முறையும் மாறிவிட்டது. நடுவரின் தீர்ப்பை மீளாய்வு செய்யும் முறைமை முதன்முதலில் 2008 இல் கொழும்பில் இலங்கை - இந்தியப் போட்டியின்போதே பரீட்சிக்கப்பட்டது. முரளியின் பந்து காலுறையில் பட்டபோது நடுவர் கைவிரித்த எத்தனையோ சந்தர்ப்பங்கள் இன்று மூன்றாவது நடுவரால் ஆட்டமிழப்பாக அறிவிக்கப்பட்டிருக்கும். இன்றைய சுழற்பந்து வீச்சாளர்களுக்கு அந்த வசதி முதல் நாளிலிருந்தே உண்டு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பந்தைத் தவிர வேறொன்றையும் முரளி சுமக்க வேண்டியிருந்தது. 1995 டிசம்பர் 26 ஆம் திகதி மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயர் அவரது பந்துகளை ஏழு தடவைகள் முறையற்றவை என அறிவித்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் மற்றொரு நடுவரான ரொஸ் எமர்சனும் அவ்வாறே செய்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தமது வீரர்களை எல்லைக்கோட்டுக்கு அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்திவைத்தார். பின்னர் சர்வதேச கிரிக்கெட் சபை மேற்கொண்ட ஆய்வுகளின் விளைவாக, முழங்கையை 15 பாகை வரை நீட்டலாம் என்ற பொது விதி 2005 இல் எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் வகுக்கப்பட்டது. இன்று பந்துவீசும் ஒவ்வொருவரும் முரளி பட்ட அவமானத்தின் பின் வகுக்கப்பட்ட விதியின் கீழ்தான் பந்துவீசுகின்றனர்.

அடிலெய்டில் நடந்ததை இன்றைய தலைமுறை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டில் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரு தமிழ் வீரருக்காக ஒரு சிங்களத் தலைவர் தமது பதவியையே பணயம் வைத்தார். தேயிலைத் தோட்டத்தில் தொழில் செய்வதற்காக 1920 இல் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன் நாட்டின் அடையாளமாக மாறியிருந்தார். அதனை வைத்து நாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கூறுவது அறியாமை. அதேவேளை, அது ஒன்றுமே இல்லை என்று ஒதுக்குவதும் நன்றிகெட்டதனமாகும்.

இங்குதான் நமது விவாதத்தின் உள்ளே மறைந்திருக்கும் முள் தென்படுகின்றது. "முரளி நம்மவர்" என்று கூறும்போது நாம் எதனைக் கருதுகின்றோம்? கண்டியில் பிறந்த முரளி மாத்தளைத் தமிழருக்கு நம்மவர். மாத்தளையிலேயே பிறந்த பிரபாத் நம்மவர் அல்லரா? அதேபோன்று, சில சிங்கள இரசிகர்கள் பிரபாத்தின் சாதனையைக் கொண்டாடும்போது முரளியைச் சற்றுத் தாழ்த்திப் பேசுவதும் உண்டு. விளையாட்டைப் பற்றிய ஒப்பீடு இனத்தைப் பற்றிய ஒப்பீடாக எந்தக் கணத்தில் மாறுகின்றது என்பதைப் பேசுபவர்களே உணர்வதில்லை. 2022 ஜூலை 9 ஆம் திகதி, நாடு பொருளாதார நெருக்கடியில் மூழ்கி, கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த அதே நாளில், காலிக் கோட்டை மதிலின் மீது போராட்டக்காரர்கள் நின்று கோஷமிட்டுக்கொண்டிருக்க, கீழே மைதானத்தில் டெஸ்ட் போட்டி நடந்துகொண்டிருந்தது. அந்தப் போட்டியில் மாத்தளையின் மைந்தர் பந்துவீசி இரண்டு நாட்களின் பின்னர் வெற்றியைத் தேடித்தந்தார். எரிபொருள் வரிசைகளில் நின்ற தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அன்று அந்த வெற்றியை ஒன்றாகவே கொண்டாடினர். அதை நாம் மறந்துவிடலாகாது.

முஸ்லிம் வாசகர்கள் இந்த விவாதத்தில் வேறொரு கேள்வியை எழுப்புவதுண்டு. தமிழருக்கு ஒப்பிடுவதற்கு ஒரு முரளி இருக்கின்றார். நமக்கு யார் என்பதே அக்கேள்வி. பெயர்கள் இல்லாமல் இல்லை. மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த திலகரத்ன டில்ஷான் ஒருநாள் போட்டிகளில் பத்தாயிரம் ஓட்டங்களைக் கடந்தவர். ஃபர்வீஸ் மஹ்ரூஃப் 2010 ஆசியக் கிண்ணத் தொடரில் இந்தியாவுக்கு எதிராக ஹட்ரிக் சாதனை புரிந்தது நமது மாவட்டத்திலுள்ள தம்புள்ளை மைதானத்திலேயே ஆகும். ஆனால், மிகவும் சிந்திக்கத் தூண்டும் பெயர் நவீட் நவாஸ். 2002 இல் பங்களாதேஷுக்கு எதிராக அவருக்கு ஒரேயொரு டெஸ்ட் வாய்ப்புக் கிடைத்தது. இரண்டாவது இனிங்ஸில் ஆட்டமிழக்காது 78 ஓட்டங்களைப் பெற்றார். அதன் பின்னர் அவர் மீண்டும் டெஸ்ட் அணியில் விளையாடவில்லை. அன்றைய அணியில் மஹேல, சங்கக்கார போன்ற துடுப்பாட்ட வீரர்கள் நிறைந்திருந்தனர் என்பது உண்மை. ஆயினும், 2020 இல் பங்களாதேஷின் 19 வயதுக்குட்பட்ட அணி உலகக் கிண்ணத்தை வென்றபோது அதன் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் இதே நவீட் நவாஸ்தான். ஒருவரின் பெறுமதியை அவர் பெற்ற வாய்ப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் எவ்வளவு தவறிழைப்போம் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் மகாதேவன் சதாசிவம் என்ற பெயர் எதிர்ப்படும். 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்களைக் குவித்தவர். 1948 மார்ச்சில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் விளையாடியபோது இலங்கை அணியின் தலைவராக இருந்தவர் அவரே. அவர் ஆடியதைக் கண்டவர்கள் இன்று எஞ்சியிருப்பது அரிது. ஆனாலும், "சதாவைப் போல ஒருவர் பிறக்கவில்லை" என்ற கூற்று வாய்வழியாகத் தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளது. அதனை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நினைவு என்பது நமக்கு விருப்பமான ஓட்டங்களை மட்டும் சேமித்துவைக்கும். பூச்சியத்தில் ஆட்டமிழந்த நாட்களை அது பதிந்துகொள்வதில்லை. இன்றைய வீரனின் ஒவ்வொரு தவறும் நூறு கோணங்களில் மீண்டும் மீண்டும் காட்டப்படுகின்றது. அன்றைய வீரனுக்கு மறதி காவல் நின்றது. இந்தச் சமமின்மையை உணராத ஒப்பீடு நீதியானதாக இருக்க முடியாது.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? அவ்வாறு கூறுவது நமது நோக்கமன்று. ஒப்பீடு இரசிகனின் உரிமை. தந்தையும் மகனும் ஒரே கதிரையில் அமர்ந்து பேசுவதற்கு விளையாட்டு தரும் அரிய வாய்ப்பு அது. ஆனால், "யார் பெரியவர்?" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், "இவர்கள் எவ்வாறு உருவானார்கள்?" என்ற கேள்விக்குச் செல்வதே பயனுள்ள ஒப்பீடாகும். மாத்தளை கேட்க மறந்த கேள்வி இதுவே.

முரளி பாடசாலையில் முதலில் மித வேகப்பந்து வீச்சாளராகவே இருந்தார். பதினான்கு வயதளவில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் அவரது பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1991 இல் நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான விருதை முரளி பெற்றார். அதாவது, புல் வளர்ந்த மைதானம், ஒழுங்கான ஆடுகளம், பந்து திரும்புவதைக் கண்டுகொள்ளும் கண் கொண்ட பயிற்றுநர், பருவம் முழுவதும் போட்டிகள் ஆகிய நான்கும் ஒரு சிறுவனுக்கு ஒரே இடத்தில் கிடைத்தன. பிரபாத் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் தொடங்கி, பின்னர் கொழும்பு லும்பினி கல்லூரிக்குச் சென்றவர். அவர் மாத்தளையிலேயே இருந்திருந்தால் தேசிய அணியை எட்டியிருப்பாரா என்பது வேதனையான கேள்வி. கொழும்புக்குச் சென்றும் கூட, டெஸ்ட் தொப்பியை அணிய முப்பது வயது வரை காத்திருந்தார். அந்த வாய்ப்பும் அணியில் கொவிட் தொற்றுப் பரவியிருந்த வேளையிலேயே கிடைத்தது.

இனி எல்கடுவவிலோ கந்தேநுவரவிலோ ஒரு தோட்டத்தில் பிறந்த சிறுவனை எண்ணிப் பாருங்கள். லயத்துக்கு முன்னாலுள்ள சரிவான முற்றத்தில் மென்பந்தைச் சுழற்றுகின்றான். அவனது மணிக்கட்டில் முரளியின் வித்தை இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். அதைக் கண்டறிவதற்கே நம்மிடம் வழியில்லை. கடினப் பந்துக் கிரிக்கெட் செலவு மிக்கது. துடுப்பு, காலுறை, கையுறை, தலைக்கவசம், சப்பாத்து என ஒரு சிறுவனுக்கு வேண்டிய உபகரணங்களின் விலை, நாளாந்தச் சம்பளத்தில் வாழும் தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்குக் கனவே. சுழற்பந்து வீச்சாளனாக வேண்டும் என்பவனுக்குப் பந்து ஒன்றும் சமமான தரை ஒன்றும் போதும் என்பார்கள். அந்தத் தரையே மலைச் சரிவுகளில் இல்லை. நகரிலுள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலைகளின் நிலை தோட்டப் பாடசாலைகளை விடச் சற்று மேம்பட்டதாக இருக்கலாம். ஆயினும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலும் சாதாரண தரப் பெறுபேறும் மாத்திரமே பாடசாலையின் மதிப்பை நிர்ணயிக்கும் சூழலில், மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் நிற்கும் பிள்ளையைப் படிப்பில் அக்கறையற்றவன் என்றே பெற்றோரும் எண்ணுகின்றனர்.

இந்நிலையில் நமது மாவட்டத்தில் ஒரு சர்வதேச மைதானம் இருக்கின்றது என்பது முரண்நகையாகும். ரங்கிரி தம்புள்ளை சர்வதேச கிரிக்கெட் மைதானம் 167 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டது. 2001 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக அங்கு முதலாவது ஒருநாள் போட்டி நடைபெற்றது. மழை பெய்யும் காலங்களில் வரண்ட வலயத்தில் விளையாடலாம் என்பதே அதன் நோக்கம். ஆடவருக்கான டெஸ்ட் போட்டி எதுவும் இன்றுவரை அங்கு நடத்தப்படவில்லை. 2010 ஆசியக் கிண்ணத் தொடர் முழுவதும் அங்கேயே நடைபெற்றது. 2024 ஜூலை 28 ஆம் திகதி மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் சமரி அத்தபத்துவின் தலைமையில் இலங்கை மகளிர் இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியதும் அங்கேயே. முரளியா பிரபாத்தா என்று வாதிடும் நமது தேநீர்க் கடைகளில் சமரியின் பெயர் எத்தனை தடவை ஒலித்தது என்பதையும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்தளை நகரிலிருந்து அந்த மைதானம் சுமார் 45 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஆனால், இரத்தோட்டைச் சிறுவன் ஒருவனுக்கோ உக்குவளைச் சிறுமி ஒருத்திக்கோ அது தொலைக்காட்சியில் காணும் மெல்பேர்னை விட அருகில் இல்லை.

வீதியின் மறுமுனையில் நடந்ததைப் பாருங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக அறிமுகமாகி, 2024 இல் இந்தியன் பிரீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காகவும் விளையாடினார். போரால் சிதைந்த ஒரு நிலத்திலிருந்து அவர் வந்தார். 1904 இல் தொடங்கிய வடக்கின் பெரும் போர் எனப்படும் பாடசாலைப் போட்டியின் மரபு அங்கு முற்றாக அறுந்துவிடாமல் இருந்தமையும், ஊர்ப் பெயரில் ஓர் அணி உருவாகி உள்ளூர் இளைஞர் ஒருவரை உள்ளே எடுத்தமையும் அதற்குக் காரணங்களாகும். தம்புள்ளையின் பெயரிலும் அதே தொடரில் ஓர் அணி ஆரம்பம் முதல் இருந்து வந்துள்ளது. அந்தப் பெயர் மாத்தளை மாவட்டப் பாடசாலைகளுக்கு என்ன செய்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாவது, மாவட்டத்தின் ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் விரிப்புடன் கூடிய சீமெந்து ஆடுகளம் ஒன்றையாவது அமைத்து, அதனை ஒரு பாடசாலைக்குச் சொந்தமாக்காமல் சிங்கள, தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் அனைத்தும் முறை வைத்துப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும். இரண்டாவது, தகுதி பெற்ற பயிற்றுநர் ஒருவரை மூன்று நான்கு பாடசாலைகளுக்குப் பொதுவாக நியமிக்கலாம். மூன்றாவது, தம்புள்ளை மைதானத்தின் பயிற்சி வலைகளைச் சர்வதேசப் போட்டிகள் இல்லாத மாதங்களில் மாவட்டப் பாடசாலைகளுக்குத் திறந்துவிடலாம். அதற்கான பேருந்துச் செலவை மாகாண சபை நிர்வாகமோ பழைய மாணவர் சங்கங்களோ ஏற்கலாம். நான்காவது, இவை அனைத்திலும் மாணவியருக்கும் சம இடம் வேண்டும். நிருவாகக் குழப்பங்களின் விலையைச் செலுத்துவது சிறுவர்களே என்பதை 2023 நவம்பரில் நாம் கண்டோம். சர்வதேச கிரிக்கெட் சபை இலங்கை கிரிக்கெட்டை இடைநிறுத்தியபோது, இங்கு நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் அரசாங்கத்தை மாத்திரம் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. நமது கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் ஒன்றுகூடிச் செலவிடும் ஆற்றல் உள்ளவை. அச்செலவின் மிகச் சிறு பகுதியைக் கொண்டு ஒரு பாடசாலைக்கு ஓராண்டுக்கான பந்துகளும் துடுப்புகளும் வாங்கலாம். ஒரே ஆடுகளத்தில் மூவினப் பிள்ளைகளும் பந்துவீசும் நாள் வருமாயின், "நம்மவர்" என்ற சொல்லின் பொருளும் தானாகவே விரிவடையும்.

முரளியா, பிரபாத்தா என்ற கேள்விக்கு விடை காண முயன்றால் நமக்குக் கிடைப்பது இதுதான்: நீண்ட கால ஆற்றலில் முரளிக்கு நிகர் எவருமில்லை, கிடைத்த சிறு வாய்ப்பைப் பயன்படுத்தியதில் பிரபாத்துக்கு நிகரானோர் மிகச் சிலரே. இருவரும் ஒருவரையொருவர் குறைப்பவர்கள் அல்லர். ஒருவர் எட்டிய உயரத்தையும், மற்றவர் காத்திருந்த ஆண்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் மலையகம் எதைப் பெற்றது, எதை இழந்து வருகின்றது என்பது புலனாகும்.

இன்னும் இருபது ஆண்டுகளின் பின்னர் அதே தேநீர்க் கடையில் இன்றைய இளைஞர் முதியவராக அமர்ந்து, "பிரபாத் இருந்திருந்தால்" என்று பெருமூச்சு விடுவார். அப்போது அவருக்கு எதிரே அமர்ந்து வாதிடுபவர், எல்கடுவவிலிருந்தோ வரக்காமுறையிலிருந்தோ வந்த புதிய பெயரொன்றைச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்வதற்கு ஒரு பெயர் இருக்குமா என்பது இன்று மாலை நான்கு மணிக்கு அந்தப் பிள்ளைகள் எங்கே நிற்கின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளது.